‘இதே நாளில்’ விளையாட்டுப் பலகை எழுதுவது எப்படி? ஜூன் 25-ஐ வைத்து ஒரு முழு வழிகாட்டி

எங்கள் ஊர் நூலக வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. ஒரு பாதியில் திருக்குறள், மறு பாதியில் ‘விளையாட்டில் இதே நாள்’. அந்த மறு பாதி சில வருடங்களாக என் பொறுப்பு. சாக்பீஸ் நூலகர் தருகிறார், தப்பு கண்டுபிடிப்பதை வாசகர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

முதல் வருடம் நான் எழுதியதையெல்லாம் இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. இந்த வருடம் இன்னார் பிறந்தார், அந்த வருடம் இன்ன அணி ஜெயித்தது என்று ரேஷன் கடை இருப்புப் பட்டியல் மாதிரி 5 வரி. செருப்பைக் கழற்றும் நேரத்துக்குக் கூட யாரும் அதைப் பார்க்கவில்லை. ஒருநாள் போரடித்து ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் 8 வரியில் கதையாக எழுதினேன். அன்றைக்கு நான்கு பேர் நின்று படித்தார்கள். ஒருவர் உள்ளே வந்து, “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்டார்.

பள்ளி அறிவிப்புப் பலகைக்கோ, கிளப் வாட்ஸ்அப் குழுவுக்கோ, உள்ளூர்ப் பத்திரிகைக்கோ இப்படித் தொகுக்க நினைப்பவர்களுக்காக, நான் செய்கிற முறையை முதலிலிருந்து கடைசி வரை எழுதுகிறேன். பொதுவாகச் சொன்னால் ஒன்றும் விளங்காது. ஒரே தேதியை எடுத்து முழுசாகச் செய்து பார்த்துவிடலாம். ஜூன் 25. அரசியல் ஆட்களுக்கு அது 1975-இல் அவசரநிலை வந்த நாள். நமக்கு வேறு.

படி 1: தேதியைத் தேடாதீர்கள், பருவத்தைத் தேடுங்கள்

‘ஜூன் 25 விளையாட்டு’ என்று இணையத்தில் தட்டினால் நூறு பட்டியல் வரும். எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது. ஒன்றில் இருக்கும் பிழை பத்திலும் இருக்கும். அந்த வழியில் போகவேண்டாம்.

அந்தத் தேதியில் உலகத்தில் எந்த விளையாட்டு நடந்துகொண்டிருக்கும் என்று முதலில் யோசியுங்கள். ஜூன் கடைசி வாரம் என்றால் இங்கிலாந்தில் கோடைக்கால டெஸ்ட். இரட்டைப்படை வருடம் என்றால் கால்பந்து உலகக் கோப்பையோ ஐரோப்பியக் கோப்பையோ சூடுபிடித்திருக்கும். பழைய காலத்து அமெரிக்காவில் திறந்தவெளி மைதானங்களில் பெரிய குத்துச்சண்டைகள் நடக்கும். விம்பிள்டன் டென்னிஸ் 2014 வரை பெரும்பாலும் தொடக்கச் சுற்றுகளில்தான் இருந்தது, அதனால் ஜூன் 25-க்கு அங்கே அதிகம் கிடைக்காது. இதே கணக்கில் டிசம்பர் 26 என்றால் மெல்பர்ன் டெஸ்ட், ஆகஸ்ட் என்றால் பெரும்பாலும் ஒலிம்பிக்.

அப்புறம் ஒவ்வொரு போட்டித்தொடரின் அட்டவணையையும் வருடம் வருடமாகத் திறந்து அந்தத் தேதியில் என்ன ஆட்டம் என்று பாருங்கள். ஒரு மாலை முழுக்கப் போய்விடும். ஆனால் பட்டியல்களில் வராத சரக்கு இப்படித்தான் கிடைக்கும். ஜூன் 25-க்கு என் வலையில் விழுந்தவை இவை:

1932: லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவின் முதல் கிரிக்கெட் டெஸ்ட் தொடக்கம்.
1935: குத்துச்சண்டை. நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் ஜோ லூயிஸ், பிரிமோ கார்னெராவை 6-ஆவது சுற்றில் வீழ்த்தினார்.
1948: அதே மைதானம், அதே லூயிஸ். ஜெர்சி ஜோ வால்காட் 11-ஆவது சுற்றில் நாக் அவுட்.
1978: கால்பந்து உலகக் கோப்பை ஃபைனல். அர்ஜென்டினா 3, நெதர்லாந்து 1.
1982: கால்பந்து உலகக் கோப்பை. ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனி 1, ஆஸ்திரியா 0.
1983: லார்ட்ஸில் இந்தியா கிரிக்கெட் உலகக் கோப்பை வென்றது.
1986: கால்பந்து உலகக் கோப்பை அரையிறுதி. அர்ஜென்டினா 2, பெல்ஜியம் 0.
1988: ஐரோப்பியக் கோப்பை ஃபைனல். நெதர்லாந்து 2, சோவியத் யூனியன் 0.
1994: கால்பந்து உலகக் கோப்பை. அர்ஜென்டினா 2, நைஜீரியா 1.
2000: ஐரோப்பியக் கோப்பை காலிறுதி. நெதர்லாந்து 6, யூகோஸ்லாவியா 1.
2006: கால்பந்து உலகக் கோப்பை இரண்டாவது சுற்று. போர்ச்சுகல் 1, நெதர்லாந்து 0.
2020: 30 வருடத்துக்குப் பிறகு லிவர்பூல் அணி இங்கிலாந்து கால்பந்து லீக் பட்டத்தை உறுதி செய்தது.

இது சந்தையிலிருந்து வந்த பை. சமையல் இனிமேல்தான்.

படி 2: ‘அந்த நாள்’ என்றால் எந்த நாள்?

சின்னக் கேள்வியாகத் தெரியும். ஆனால் சண்டை வருவதே இங்கேதான்.

1932 டெஸ்ட் ஜூன் 25-இல் தொடங்கி 28-இல் முடிந்தது. நடுவில் 26 ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் கிடையாது. இதை ‘இந்தியா முதல் டெஸ்டில் தோற்ற நாள்’ என்று 25-ஆம் தேதி எழுதினால் தப்பு. ‘முதல் டெஸ்ட் ஆடத் தொடங்கிய நாள்’ என்றால் சரி. பல நாள் நடக்கும் ஆட்டங்களுக்கு என் விதி எளிது. வரியில் என்ன வினைச்சொல் போடுகிறோமோ, அந்த வினை எந்த நாளில் நடந்ததோ அதுதான் தேதி.

அடுத்தது நேரம். 1978 ஃபைனல் புவெனஸ் ஐரிஸில் பிற்பகல் 3 மணிக்கு. நம் கடிகாரத்தில் அப்போது இரவு 11.30. அர்ஜென்டினாவின் மரியோ கெம்பெஸ் முதல் கோலை 38-ஆவது நிமிடத்தில் அடித்தபோதே இங்கே ஜூன் 26 பிறந்துவிட்டது. 1986, 1994 ஆட்டங்கள் இன்னும் மோசம். மெக்சிகோ சிட்டியில் மாலை 4 மணி என்றால் இந்தியாவில் மறுநாள் விடியற்காலை 3.30. பாஸ்டன் பக்கத்தில் மாலை 4 மணி என்றால் இங்கே இரவு 1.30. ‘நான் டிவியில் பார்த்தேன், அது 26-ஆம் தேதி’ என்று யாராவது அடித்துச் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆட்டம் நடந்த ஊரின் தேதியைத்தான் போடுவது என்று ஒரே முடிவாக இருந்துவிடுங்கள். பலகையின் ஓரத்தில் சின்னதாக எழுதியும் வைக்கலாம்.

நாட்காட்டியே மாறிய கதையும் உண்டு. 1896-இல் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக் தொடங்கியது ஏப்ரல் 6 என்று நாம் படிக்கிறோம். அன்றைய கிரேக்கர்களின் பழைய நாட்காட்டியில் அது மார்ச் 25, அவர்களுடைய சுதந்திர நாள். இரண்டு தேதியும் சரி. ஆனால் இரண்டு நாளும் பலகையில் ஏற்றிவிடாதீர்கள், நான் பார்த்திருக்கிறேன்.

மழையும் தேதியை மாற்றும். 1936 பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி ஃபைனல் ஆகஸ்ட் 14-இல் நடக்கவேண்டியது. மழை பெய்து 15-க்குத் தள்ளிப்போனது. தியான் சந்த் தலைமையில் இந்தியா ஜெர்மனியை 8-1 என்று சாய்த்தது அதனால்தான் ஆகஸ்ட் 15 ஆனது. 11 வருடம் கழித்து அந்தத் தேதிக்கு என்ன அர்த்தம் வரப்போகிறது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? நம் பட்டியலில் இருக்கிற 1948 லூயிஸ் சண்டையும் மழையால் தள்ளிப்போய்த்தான் ஜூன் 25-க்கு வந்தது. பழைய அட்டவணையை மட்டும் பார்த்து எழுதினால் இந்த இடங்களில் கால் வழுக்கும்.

படி 3: சரிபார்ப்பது

எனக்கு விழுந்த குட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜூன் 25 அன்று பலகையில் 1983 ஃபைனல் பற்றி ‘50 ஓவரில் இந்தியா 183’ என்று எழுதினேன். காலை 9 மணிக்கு நாளிதழ் படிக்க வரும் பெரியவர் ஒருவர் பலகை முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே வந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “தம்பி, அது அறுபது ஓவர் மேட்ச். நம்ம ஆளுங்க அம்பத்தஞ்சாவது ஓவர்ல ஆல் அவுட். அம்பதோட நிறுத்திட்டீங்கன்னா கடைசி விக்கெட்டுக்குச் சேர்த்த ரன்னு எங்க போகும்?” என்றார். அவர் சொன்னது அப்படியே சரி. 54.4 ஓவர். கிரிக்கெட் என்றால் 50 ஓவர் என்று கை தானாக எழுதிவிட்டது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். நினைவிலிருந்து எழுதும் வரியைத்தான் அதிகமாகச் சந்தேகப்படுவேன். தெரியாததை எப்படியும் தேடிப் பார்த்துவிடுகிறோம், தெரிந்தது என்று நினைப்பதில்தான் மாட்டிக்கொள்கிறோம்.

முதலில் ஸ்கோர்கார்டு, அப்புறம்தான் கட்டுரை. ஸ்கோர்கார்டில் கூட்டிப் பார்க்க முடியும். 1932 டெஸ்டில் இங்கிலாந்து 259, 8 விக்கெட்டுக்கு 275 டிக்ளேர். இந்தியா 189, 187. கூட்டிக் கழித்தால் 158 ரன் தோல்வி என்று வருகிறதா? வருகிறது. 1983-இல் இந்தியா 183, வெஸ்ட் இண்டீஸ் 140, கழித்தால் 43 ரன் வெற்றி. அதுவும் சரி. இந்தச் சின்னக் கணக்கு பாதிப் பிழையைப் பிடித்துவிடும்.

ஆனால் ஸ்கோர்போர்டே தடுமாறிய நாளும் உண்டு. முதல் இந்திய டெஸ்டுக்கு 9 நாள் முன்பு, இங்கிலாந்தின் லேட்டனில் எசெக்ஸ் அணிக்கு எதிராக யார்க்ஷயரின் பெர்சி ஹோம்ஸும் ஹெர்பர்ட் சட்கிளிஃபும் முதல் விக்கெட்டுக்கு 555 சேர்த்தார்கள். பழைய சாதனை 554. போர்டில் 555 தெரிந்ததும் சட்கிளிஃப் வேண்டுமென்றே மட்டையை வீசி அவுட் ஆனார், டிக்ளேர் செய்தார்கள். உடனே போர்டு 554 என்று பின்னால் போனது! சாதனை சமன்தானா, முறியடிப்பா என்று குழப்பம். கடைசியில் கணக்கில் விட்டுப்போன ஒரு நோ-பால் ‘கண்டுபிடிக்கப்பட்டு’ 555 ஆயிற்று. அந்த நோ-பால் உண்மையாகவே போடப்பட்டதா என்று இன்றைக்கும் ரசிகர்கள் சிரித்துக்கொள்வார்கள். பதிவேட்டில் 555 என்றுதான் இருக்கிறது, நாமும் அதைத்தான் எழுதவேண்டும். கதையையும் சேர்த்துச் சொன்னால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

மறுநாள் செய்தித்தாளும் முடிவான சாட்சி ஆகிவிடாது. 2000-இல் யூகோஸ்லாவியாவுக்கு எதிராக நெதர்லாந்தின் பாட்ரிக் க்ளுய்வர்ட் 4 கோல் அடித்ததாக முதலில் அறிவித்தார்கள். அதில் ஒன்றைத் தான் தொடவே இல்லை என்று அவரே சொன்னார். அது எதிரணித் தடுப்பாட்டக்காரரின் சுய கோல் ஆகி, அவர் கணக்கு 3 ஆனது. அன்றிரவே அச்சேறிய பக்கத்தை மட்டும் பார்த்து எழுதுகிறவர் இன்றும் 4 என்றே எழுதுவார்.

மொத்தத்தில் ஒரு வரிக்கு இரண்டு இடத்திலாவது ஆதாரம் வேண்டும். அந்த இரண்டும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதாக இருக்கக்கூடாது. வாட்ஸ்அப் ஃபார்வர்டு எத்தனை வந்தாலும் பூஜ்யம்தான்.

படி 4: இழையைக் கண்டுபிடிப்பது

நான் அதிக நேரம் செலவழிப்பது இதில்தான். நீங்களும் செலவழியுங்கள்.

தேதி ஒன்றாக இருப்பது தற்செயல். 365 நாளில் ஆயிரக்கணக்கான ஆட்டங்களை அடைத்தால் ஒரே நாளில் பல விழத்தான் செய்யும். அதில் மந்திரம் ஒன்றும் இல்லை, ஜோசியம் சொல்லவேண்டாம். ஆனால் ஒரே ஆணியில் மாட்டிய இரண்டு படங்கள் சில நேரம் ஒன்றையொன்று பார்த்துப் பேசும். பட்டியலை மேசையில் விரித்து, வருட வரிசையை மறந்துவிட்டு, அதே இடம், அதே ஆள், அதே அணி, அதே தப்பு என்று கோடு போட்டுப் பாருங்கள். ஜூன் 25-இல் எனக்கு மூன்று இழை கிடைத்தன.

முதல் இழை லார்ட்ஸ். 1932 ஜூன் 25, சனிக்கிழமை. 1983 ஜூன் 25, அதுவும் சனிக்கிழமை. நடுவில் 51 வருடம். முதல் நாளில் சுற்றுப்பயணத் தலைவராக வந்த போர்பந்தர் மகாராஜா ஒதுங்கிக்கொள்ள, சி.கே. நாயுடு கேப்டனாக இறங்கினார். இங்கிலாந்துக்குத் தொடக்க ஆட்டக்காரர்கள் யார் தெரியுமா? அதே ஹோம்ஸ், அதே சட்கிளிஃப். 555 அடித்துவிட்டு வந்தவர்கள். முகமது நிசார் வேகமாக ஓடிவந்து சட்கிளிஃபை 3 ரன்னில் போல்டாக்கினார், ஹோம்ஸை 6 ரன்னில் போல்டாக்கினார். ஃபிராங்க் வூலி ரன் அவுட். டெஸ்ட் ஆட்டமே ஆடியிராத ஒரு நாடு முதல் காலையிலேயே இங்கிலாந்தை 19-க்கு 3, அதாவது 19 ரன்னுக்கு 3 விக்கெட் என்று நிறுத்தியது. அப்புறம் இங்கிலாந்து கேப்டன் டக்ளஸ் ஜார்டின் 79 அடித்துக் காப்பாற்றினார், ஆட்டம் கைவிட்டுப் போனது, அதெல்லாம் வேறு கதை. 19-க்கு 3 என்ற அந்த எண்தான் எனக்குப் பிடித்தது.

51 வருடம் கழித்து அதே புல்தரை. வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் கிளைவ் லாயிட் டாஸ் ஜெயித்து இந்தியாவை ஆடச் சொல்கிறார். கவாஸ்கர் 2-இல் போகிறார். நம் ஸ்ரீகாந்த் மட்டும் யார் எறிந்தால் என்ன என்பதுபோல் நிற்கிறார். ஆண்டி ராபர்ட்ஸ் பந்தை ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிக் கவர் பக்கம் விரட்டிய அந்த அடியை மெட்ராஸில் தெருப்பையன்கள் எத்தனை நாள் பழகினார்களோ. 38 ரன். இன்றைக்குக் கேட்டால் சின்ன எண். அந்த ஃபைனலில் இரண்டு அணியிலும் அதைவிட அதிகம் யாரும் அடிக்கவில்லை. தமிழ்நாட்டுப் பலகையில் அந்த 38-ஐ விட்டுவிட்டு எழுதினால் என்னை ஊரில் இருக்கவிடமாட்டார்கள்.

இரண்டாவது இழை அர்ஜென்டினாவின் மரடோனா. இதை நான் முதலில் கவனிக்கவே இல்லை. 78, 86, 94 என்று எட்டெட்டு வருட இடைவெளியைப் பார்த்ததும்தான் பொறி தட்டியது. 1978-இல் 17 வயது மரடோனாவை இறுதி அணியில் சேர்க்காமல் விட்டுவிட்டார் பயிற்சியாளர் மெனோட்டி. சொந்த ஊரில் சொந்த நாடு கோப்பை வென்ற ஜூன் 25 அன்று மைதானத்துக்குள் அவருக்கு இடம் இல்லை. 1986 ஜூன் 25 அன்று அஸ்டெகா மைதானத்தில் பெல்ஜியத்துக்கு எதிரான இரண்டு கோலும் அவருடையது. 51-ஆவது நிமிடம் ஒன்று, 63-ஆவது நிமிடம் ஒன்று. இரண்டாவதில் வரிசையாக ஆட்களைக் கடந்து போனார். அதே உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் அடித்த கோல் இல்லாதிருந்தால் உலகம் அதைத்தான் பேசியிருக்கும். 1994 ஜூன் 25, நைஜீரியாவை ஜெயித்த பிறகு வெள்ளை உடுப்புப் போட்ட பெண் ஊழியர் ஒருவர் மைதானத்துக்குள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஊக்கமருந்துச் சோதனைக்கு அழைத்துப் போனார். மரடோனா சிரித்துக்கொண்டே போனார். சோதனையில் எபிட்ரின் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து தெரியவந்தது. அர்ஜென்டினா சட்டையில் அவர் ஆடிய கடைசி ஆட்டம் அதுதான். வெளியே நின்ற நாள், உச்சியில் நின்ற நாள், வெளியே போன நாள். மூன்றும் ஒரே தேதி.

மூன்றாவது இழை நெதர்லாந்து. பாவம் அந்த ஆரஞ்சுச் சட்டைகள். 1978 ஃபைனல் 1-1 என்று இருக்கும்போது கடைசி நிமிடத்தில் ராப் ரென்சென்பிரிங்க் தட்டிய பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இரண்டு அங்குலம் உள்ளே இருந்திருந்தால் கோப்பை. கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். சரியாக 10 வருடம் கழித்து, 1988 ஜூன் 25 அன்று, மியூனிக்கில் மார்கோ வான் பாஸ்டன் ஒரு பந்தை அந்தரத்திலேயே வாங்கி அடித்தார். கோணமே இல்லாத இடம். சோவியத் கோல்கீப்பர் தசாயெவ் தலைக்கு மேலே போய் விழுந்தது. அந்த ஆடவர் அணி வென்ற ஒரே பெரிய கோப்பை அது. 2000-இல் அதே தேதியில் 6 கோல். 2006-இல் அதே தேதியில் நியூரம்பெர்க் நகரில் போர்ச்சுகலோடு நடந்தது கால்பந்தா கைகலப்பா என்று சொல்ல முடியாத ஆட்டம். நடுவர் 16 மஞ்சள் அட்டையும் 4 சிவப்பு அட்டையும் காட்டினார். அணிக்கு இரண்டு பேர் என்று வெளியேற்றம். கம்பம், கோப்பை, கோல் மழை, சிவப்பு அட்டை. ஒரு நாட்டின் குணம் முழுக்க ஒரே தேதியில்.

எல்லாச் சம்பவமும் இழையில் சேரவேண்டும் என்று இல்லை. 1982 ஹிஹோன் தனியாகவே நிற்கும். அல்ஜீரியா மேற்கு ஜெர்மனியை 2-1 என்று ஜெயித்து உலகத்தையே அசரவைத்திருந்தது. தன் கடைசி ஆட்டத்தையும் ஜூன் 24 அன்று முடித்துவிட்டது. மறுநாள் மேற்கு ஜெர்மனி ஒன்றோ இரண்டோ கோல் வித்தியாசத்தில் ஆஸ்திரியாவை ஜெயித்தால் இருவரும் அடுத்த சுற்றுக்குப் போகலாம், அல்ஜீரியா வெளியே. மேற்கு ஜெர்மனியின் ஹ்ருபெஷ் தொடக்கத்திலேயே ஒரு கோல் அடித்தார். அவ்வளவுதான். மீதி நேரம் முழுக்க இரண்டு அணியும் பந்தை அங்கேயும் இங்கேயும் உருட்டிக்கொண்டிருந்தன. பார்வையாளர் வரிசையில் அல்ஜீரிய ரசிகர்கள் பணத்தாளை ஆட்டிக் காட்டினார்கள். 1986 முதல் ஒரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில்தான் தொடங்குகின்றன. இன்று உலகக் கோப்பையில் இரண்டு சேனலை மாற்றி மாற்றிப் பார்த்து நாம் படும் பாட்டுக்குக் காரணம் அந்த ஜூன் 25.

படி 5: வெட்டுவது

பலகையில் 10 வரிதான் இடம். வாட்ஸ்அப்பில் இடம் இருந்தாலும் பொறுமைக்கு அளவு உண்டு.

லிவர்பூல் 2020-ஐ வெட்டினேன். பட்டம் உறுதியானது அவர்கள் ஆடாத ஆட்டத்தில். செல்சி மான்செஸ்டர் சிட்டியை 2-1 என்று ஜெயித்ததால். நல்ல செய்திதான், ஆனால் காட்சி இல்லை. ஜோ லூயிஸ் இரண்டையும் வேறொரு குத்துச்சண்டை நாளுக்கு எடுத்துவைத்தேன். எதை எழுதினால் ‘அப்புறம்?’ என்று கேட்பார்களோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ‘ஓஹோ’ என்று சொல்லிவிட்டுப் போகக்கூடியதை விட்டுவிடுங்கள். பிறந்தநாள்களை நான் பெரும்பாலும் போடுவதில்லை. பிறந்த அன்று யாரும் விளையாடவில்லை.

படி 6: எழுதுவது

ஒரு சம்பவத்துக்கு ஒரு நொடியை மட்டும் எடுங்கள். முழு ஆட்டத்தையும் சொல்லப் போனால் மறுபடியும் இருப்புப் பட்டியல்தான். என் பழைய வரி இது:

‘1983: கபில் தேவ் தலைமையில் இந்தியா வெஸ்ட் இண்டீஸை வீழ்த்தி உலகக் கோப்பையை வென்றது.’

தப்பு இல்லை. உயிரும் இல்லை. இப்போது எழுதுவது:

‘1983, லார்ட்ஸ். ஜெயிக்க 184 போதும். விவியன் ரிச்சர்ட்ஸ் 28 பந்தில் 33. ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடும்போல் இருந்தது. மதன் லால் போட்ட பந்தை ரிச்சர்ட்ஸ் தூக்கினார். மிட்விக்கெட் பக்கம் உயரே போனது. கபில் பின்னால் திரும்பி ஓடினார். பந்து தோளுக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்தது. கையில் விழுந்தது. 57-க்கு 3. அடுத்த 19 ரன்னுக்குள் இன்னும் 3 விக்கெட். 140-இல் எல்லாம் முடிந்தபோது இந்தியாவில் நள்ளிரவு நெருங்கியிருந்தது.’

இரண்டுக்கும் தகவல் ஒன்றுதான். கேட்சை மட்டும் கிட்டே போய்ப் பார்த்தோம். ஆட்ட நாயகன் மொஹிந்தர் அமர்நாத், 26 ரன், 12 ரன்னுக்கு 3 விக்கெட். அதை எங்கே சொல்வது என்று கேட்பீர்கள். அடுத்த வருடம். ஒரே தேதி வருடா வருடம் வரும், ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டவேண்டியதில்லை.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். ‘வரலாற்றுச் சிறப்புமிக்க’, ‘மறக்க முடியாத’ போன்ற சொற்களைத் துடைத்துவிடுங்கள், இடமும் மிச்சம் சாக்பீஸும் மிச்சம். வெளிநாட்டுப் பெயர்களை எழுதுமுன் அந்த ஊர்க்காரர் எப்படி உச்சரிப்பார் என்று ஒரு தடவை காதால் கேளுங்கள். ஹிஹோனை நான் ஒரு வருடம் முழுக்க ‘கிஜான்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

படம் ஒட்டுகிறவர்கள் கவனிக்கவேண்டியது: இணையத்தில் கிடைக்கிற புகைப்படம் எல்லாம் பொதுச்சொத்து ஆகாது. பள்ளிப் பையன்களை வரையச் சொல்லுங்கள். வான் பாஸ்டன் கோலை அம்புக்குறி போட்டு ஒரு பையன் வரைந்த படம்தான் எங்கள் பலகையிலேயே அதிகம் பேர் செல்போனில் எடுத்தது.

படி 7: நோட்டு

பழைய டைரி ஒன்று எடுத்து, எந்த வருடத்து டைரியானாலும் சரி, அந்தந்தத் தேதிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். சம்பவம், சரிபார்த்த இடம், இந்த வருடம் போட்டதா இல்லையா. மூன்று வருடத்தில் டைரி தானாகத் தடித்துவிடும்.

பழகுவதற்கு இரண்டு தேதி தருகிறேன். நவம்பர் 15: 1989-இல் கராச்சியில் சச்சின் டெண்டுல்கர் முதல் டெஸ்டில் இறங்கினார். 2013-இல் அதே நாளில் மும்பையில் கடைசி இன்னிங்ஸில் 74-இல் அவுட் ஆனார். 2023-இல் அதே நாளில், அதே வான்கடேயில், விராட் கோலி ஒருநாள் போட்டியில் 50-ஆவது சதம் அடித்து சச்சினின் சாதனையைத் தாண்டினார். இழை கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது, எடுத்துக் கோர்க்கவேண்டியதுதான். ஆகஸ்ட் 14 கொஞ்சம் கடினம். 1948-இல் ஓவலில் டான் பிராட்மேன் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில் எரிக் ஹாலிஸ் பந்தில் பூஜ்யம். 1990-இல் மான்செஸ்டரில் 17 வயது சச்சினின் முதல் டெஸ்ட் சதம், 119 நாட் அவுட். இரண்டையும் ஒட்டி எழுதும்போது மிகையாகப் போகாமல் நிறுத்துவதுதான் சோதனை.

போன ஜூன் 25 அன்று லார்ட்ஸ் இழையை எழுதினேன். மேலே 19-க்கு 3, கீழே 57-க்கு 3, நடுவில் ‘51 வருடம்’ என்று ஒரு கோடு. பெரியவர் வந்தார், வழக்கம்போல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். நான் சாக்பீஸைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் நாளிதழை விரித்தார்.